குதிரைக்கார அப்பாவைக் காப்பாற்றியவர்களுக்கு

அப்பா நேற்று வீட்டுக்கு வந்துவிட்டார். அதனால்தான் இன்று உட்கார்ந்து இதை எழுத முடிகிறது.

அவர் மெரினா மணலில் 30 வருடமாகக் குதிரை சவாரி விடுகிறவர். காய்ச்சல் என்று போனபோது ஒரு கிளினிக்கில் வைரஸ் காய்ச்சல்தான் என்று மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள். மூன்றாம் நாள் ராத்திரி கழுத்தை வளைக்க முடியவில்லை, என்னையே யாரென்று கேட்டார். 2 மணிக்குத் தூக்கத்திலிருந்து எழுந்து ஆட்டோவை எடுத்த எதிர்வீட்டு அண்ணா, முதல் நன்றி உங்களுக்கு.

அப்புறம் எமர்ஜென்சியில் இருந்த இளம் டாக்டர். மேடம், சர்க்கரை உண்டா, பிரஷர் உண்டா என்று எல்லாரும் கேட்டார்கள், நீங்கள் மட்டும்தான் "என்ன வேலை பார்க்கிறார்?" என்று கேட்டீர்கள். குதிரை என்றதும் அப்பாவின் கையைத் திருப்பிப் பார்த்தீர்கள். விரலில் ஆறாத காயம், அந்தக் கையால்தான் ஒரு வாரமாக எங்கள் குதிரை ராஜாவின் மூக்குச் சளியைத் துடைத்துக்கொண்டிருந்தார். உடனே ஆன்டிபயாடிக் தொடங்கி, முதுகில் நீர் எடுத்து, லேபுக்கும் நீங்களே போன் போட்டுக் குதிரை விஷயத்தைச் சொன்னீர்கள்.

லேபில் இருந்தவர்களுக்கும் நன்றி. ஸ்ட்ரெப்டோகாக்கஸ் ஸூஎபிடெமிகஸ் என்று எழுதிக் கொடுத்தீர்கள். நல்ல குதிரையின் தொண்டையிலும் சும்மா குடியிருக்கிற கிருமியாம், மனிதருக்கு வருவது அபூர்வம், வந்தால் மூளை உறை வரைக்கும் போய்விடுமாம். பெனிசிலினுக்கு அடங்கும் என்று கேட்ட பிறகுதான் அம்மா ஒரு வாய் தண்ணீர் குடித்தார்.

கால்நடை டாக்டர் சார், சொந்தக்காரர்கள் எல்லாம் ராஜாவை விற்றுவிடு என்று சொன்னபோது நீங்கள் லாயத்துக்கே வந்தீர்கள். குதிரையிடமிருந்து மனிதருக்கும் தொற்றுகிற கிளாண்டர்ஸ் நோயாக இருக்குமோ என்றுதான் எங்களுக்குப் பெரிய பயம், அதற்குத் தடுப்பூசி கிடையாது, உறுதியானால் குதிரையைக் கொல்லத்தான் வேண்டும். ரத்தம் எடுத்து ஹரியானாவின் ஹிசாரில் உள்ள தேசிய குதிரை ஆராய்ச்சி மையத்துக்கு அனுப்பினீர்கள். இல்லை என்று முடிவு வந்ததும் எங்களுக்கு முன்னால் நீங்கள் சிரித்தீர்கள்.

கடற்கரை அண்ணன்களே, ராஜாவைத் தனியாகக் கட்டி, கையுறை போட்டுக்கொண்டு கொள்ளு வைத்துப் பார்த்துக்கொண்டது நீங்கள். அந்தக் கையுறையை இனியும் கழற்றாதீர்கள், கையில் கீறல் இருந்தால் மூடிக்கொள்ளுங்கள், காய்ச்சல் வந்தால் குதிரை வைத்திருக்கிறேன் என்று டாக்டரிடம் முதலிலேயே சொல்லுங்கள். கொள்ளுக் காசை வாங்க மாட்டோம் என்கிறீர்கள். சரி, ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் வீட்டுக்குச் சாப்பிட வாருங்கள், அம்மா கூப்பிடச் சொன்னார்.