வெள்ளை ஷூ போட்ட பூனைகள்

அன்புள்ள தம்பிக்கு,

போனில் சொல்ல ஆரம்பித்தேன், நீ வேலைக்கு நேரமாகிவிட்டது என்று வைத்துவிட்டாய். சரி, எழுதியே விடுகிறேன். போன சனிக்கிழமை அக்கா இங்கே டர்பனில் லேடிஸ்மித் பிளாக் மம்பாசோ என்ற தென்னாப்பிரிக்கப் பாட்டுக் குழுவின் கச்சேரிக்குக் கூட்டிப் போனாள். வாத்தியக்காரர்கள் எப்போது வருவார்கள் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன், கடைசிவரை வரவே இல்லை. தொண்டை மட்டும்தான், ஒரு சுருதிப் பெட்டிகூடக் கிடையாது. ஒருவர் முன்னால் நின்று எடுத்துக்கொடுக்க, மற்றவர்களில் முக்கால்வாசிப் பேர் கீழ்க்குரலில் சேர்ந்துகொள்கிறார்கள். நாற்காலிக் கைப்பிடியே அதிர்கிற மாதிரி இருந்தது.

ஆட்டம் இன்னும் வேடிக்கை. வெள்ளை ஷூ போட்ட காலைத் தலை உயரத்துக்கு வீசுகிறார்கள், கீழே வைக்கும்போது சத்தமே இல்லை! இந்த வகைப் பாட்டுக்கு இசிகத்தமியா என்று பெயர் (நடுவில் நாக்கைச் சொடுக்க வேண்டுமாம், எனக்கு வரவில்லை). ஜூலு மொழியில் பூனை போல மெல்ல நடப்பதிலிருந்து வந்த சொல். ஊரைவிட்டுச் சுரங்கத்துக்கும் ஆலைக்கும் வந்த ஆண்கள் விடுதிகளில் சனிக்கிழமை ராத்திரி பாடியது இது, காவலாளிகள் காதில் விழக்கூடாது என்றுதான் இந்தப் பதுங்கல் என்கிறார்கள். போட்டியும் உண்டு, ஜெயித்தால் ஆடு பரிசு. குழுவின் பெயரே அந்தத் திமிரில் வைத்ததுதான். லேடிஸ்மித் அதை ஆரம்பித்த ஜோசப் ஷபலாலாவின் ஊர், பிளாக் என்றது கறுப்பு எருதை, மம்பாசோ என்றால் கோடரி, எதிரே பாட வருகிறவனை வெட்டிச் சாய்க்க. 1986இல் அமெரிக்கப் பாடகர் பால் சைமனோடு பாடிய பிறகு உலகத்துக்கே தெரிந்துவிட்டது. அப்புறம் ஐந்து கிராமி விருது. 1993இல் மண்டேலா நோபல் வாங்கியபோது ஆஸ்லோவிலும் பாடினார்கள். ஷபலாலா 2020இல் போய்விட்டார், இப்போது அவர் மகன்கள் பாடுகிறார்கள்.

எனக்கு என் துபாய் கேம்ப்தான் கண்ணில் வந்தது. ஒரே அறையில் எட்டுப் பேர், வியாழக்கிழமை ராத்திரி தகர டப்பாவைத் தட்டினால் கேம்ப் பாஸ் கத்துவான், அதனால் தொடையில் தாளம் போட்டு வாய்க்குள்ளேயே பாடுவோம். உன்னிடம் இதைச் சொன்னதே இல்லை. அப்போது போனில் ஃபீஸ் கட்டியாச்சா, பணம் வந்ததா என்று கேட்பதற்குள் கார்டு தீர்ந்துவிடும்.

உன் அறையில் யாராவது பாடுவார்களா? கச்சேரியை ஒரு நிமிடம் பதிவு செய்து வாட்சப்பில் அனுப்பியிருக்கிறேன். நடுவில் இருமுவது நான்தான்.

அப்பா