எல்லையோரக் கிளினிக்குகளில் பதிவு எண் கண்ணில் படட்டும்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

போலி மருத்துவர் கைது என்ற செய்தி வரும்போதெல்லாம் பிடிபட்டவரைப் பற்றியே பேசுகிறோம். அவரிடம் சென்ற நோயாளிக்கு அவரை முன்கூட்டியே இனங்காண என்ன வழி இருந்தது என்று கேட்பதில்லை. கேரள–தமிழக எல்லையிலுள்ள கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம் வட்டாரத்தில் வாழும் எங்களுக்கு இக்கேள்வி முக்கியமானது. காய்ச்சலுக்கு உள்ளூர்க் கிளினிக், பிரசவத்துக்குப் பொள்ளாச்சி, பெரிய நோய்க்குப் பாலக்காடு அல்லது கோவை என்று இரண்டு மாநிலங்களிலும் வைத்தியம் பார்த்துக்கொள்பவர்கள் நாங்கள்.

சட்டத்தில் குறையில்லை. 2019ஆம் ஆண்டின் தேசிய மருத்துவ ஆணையச் சட்டப்படி, மருத்துவர்களுக்கான மாநிலப் பதிவேட்டிலோ தேசியப் பதிவேட்டிலோ பெயர் இல்லாதவர் தம்மைத் தகுதி பெற்ற மருத்துவர் என்று காட்டிக்கொண்டு அலோபதி சிகிச்சை அளித்தால், ஓராண்டு வரை சிறையோ 5 லட்சம் ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ விதிக்கலாம். மருத்துவர் தமது பதிவு எண்ணைக் கிளினிக்கில் அனைவரும் காணும்படி வைக்க வேண்டும், மருந்துச் சீட்டிலும் சான்றிதழிலும் பணம் பெற்ற ரசீதிலும் குறிப்பிட வேண்டும் என்று 2002ஆம் ஆண்டின் நடத்தை விதிமுறைகள் தெளிவாகவே சொல்கின்றன.

எங்கள் பக்கம் பல கிளினிக்குகளில் இந்த எண்ணைத்தான் காண முடிவதில்லை. பெயருக்குப் பின்னால் பட்டங்கள் வரிசையாக நிற்கும். எந்த மாநில மருத்துவக் கவுன்சிலில் பதிவானவர் என்பது மட்டும் இருக்காது. கேட்டால் டாக்டரையே சந்தேகப்படுவதாக எடுத்துக்கொள்கிறார்கள். என் உறவினர் ஒருவருக்குத் தவறான மருந்து தரப்பட்டதாக நாங்கள் கருதியபோது, புகாரைத் திருவனந்தபுரத்துக்கு அனுப்புவதா சென்னைக்கு அனுப்புவதா என்பதே தெரியாமல் திகைத்தோம். 2024 ஆகஸ்டில் தேசிய மருத்துவப் பதிவேட்டுக்கான இணையதளம் தொடங்கப்பட்டிருக்கிறது, உண்மைதான்; ஆனால் பெயரை மட்டும் கொண்டு தேடுபவர், ஒரே பெயருடைய பலரில் தம்மைப் பார்த்தவர் யாரென்று எப்படி உறுதிசெய்வார்?

இரு மாநிலங்களிலும் நோயாளிகளைப் பார்க்கும் மருத்துவர்கள், இரண்டு இடத்திலும் பதிவுக்காக அலைவது சிரமம் என்கிறார்கள். அந்தச் சிரமம் நியாயமானதே. அதைக் குறைப்பது கவுன்சில்களின் கடமை. 2023ஆம் ஆண்டின் பதிவு விதிமுறைகள் நாடு முழுவதற்கும் ஒரே அடையாள எண்ணையும், ஐந்தாண்டுக்கு ஒருமுறை உரிமத்தைப் புதுப்பிப்பதையும் முன்வைத்திருப்பதால், அதற்கான வழியும் திறந்தே இருக்கிறது. எனினும், அது முழுமையாக நடைமுறைக்கு வரும்வரை எண்ணை எழுதி வைக்காமலிருக்க அந்தச் சிரமத்தைக் காரணமாகச் சொல்ல முடியாது. ஒரு பலகைக்கு ஆகும் செலவு எவ்வளவு?

பாலக்காடு மாவட்ட மருத்துவ அலுவலரும் கோவை மாவட்டச் சுகாதார அதிகாரிகளும் சேர்ந்து எல்லையோரக் கிளினிக்குகளை ஆய்வு செய்து, மருத்துவரின் பெயர், பதிவு எண், பதிவு செய்த கவுன்சில் ஆகிய மூன்றும் வாசலிலேயே எழுதப்பட்டிருப்பதை உறுதிசெய்ய வேண்டும். சித்தூர் வட்டத்தில் இப்பலகைகள் மலையாளத்துடன் தமிழிலும் இருக்க வேண்டும். தமிழ்ச் சிறுபான்மையினர் அரசுடன் தங்கள் மொழியிலேயே கடிதத் தொடர்பு கொள்ள 1969ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம் இடமளிக்கும்போது, தங்களைத் தொட்டுப் பார்ப்பவர் யார் என்பதையும் அவர்கள் தமிழில் படித்தறிய வழி செய்வது முறையே.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு மாவட்டம்.