மெஷின் வந்த பிறகும் மரவைக்கு ஏன் ஆறு வாரம்?

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். மரவை, அதாவது மரக்கிண்ணம், செய்யும் எங்கள் மண்டபம் பட்டறையில் சிஎன்சி ரூட்டர் (கம்ப்யூட்டர் சொல்கிறபடி மரத்தைச் செதுக்கும் மெஷின்) இறங்கியதிலிருந்து ஃபோனில் ஒரே கேள்விதான்: "கம்ப்யூட்டர்தானே செதுக்குது, நாளைக்கே குடுத்துடலாமே?" ஆளாளுக்குத் தனித்தனியாகப் பதில் சொல்வதைவிட, இங்கே நடப்பதை ஒருமுறை விவரமாக எழுதிவிடுகிறோம்.

மெஷினின் வேலையைக் கணக்காகவே சொல்லலாம். 10 அங்குல அகலத்தில் ஒரு வட்ட மரவை என்று வைத்துக்கொள்ளுங்கள். தட்டை முனை பிட் (மெஷினில் சுழலும் வெட்டுக்கருவி) முதலில் இறங்கி, ஒரு தடவைக்கு 2, 3 மில்லிமீட்டர் ஆழமாக உள்மரத்தை வழித்துப் போட்டுவிடும். இது முரட்டு வேலை, சீக்கிரம் முடியும். அடுத்து 6 மில்லிமீட்டர் உருண்டை முனை பிட்டை மாட்டுவோம். அது வயலில் சால் ஓட்டுவது போல வரிவரியாகப் போகும். சாலுக்குச் சால் அரை மில்லிமீட்டர்தான் இடைவெளி. அந்த வட்டம் முழுவதையும் இப்படி நிரப்ப, பிட் கிட்டத்தட்ட 100 மீட்டர் தூரம் போகவேண்டும். நிமிடத்துக்கு 2 மீட்டர் வேகத்தில் ஓட்டினால் உட்புறத்துக்கு மட்டும் 50 நிமிடம். இடைவெளியை 1 மில்லிமீட்டராக வைத்தால் நேரம் பாதியாகும். ஆனால் சால்களுக்கு நடுவில் நிற்கும் வரப்பு நான்கு மடங்கு உயர்ந்துவிடும். அரை மில்லிமீட்டர் இடைவெளியில் அந்த வரப்பின் உயரம் 0.01 மில்லிமீட்டர்தான். விரலுக்குத் தட்டாது. நேரம் போனால் போகட்டும் என்று அதிலேயே ஓட்டுகிறோம். நடுவில் கரண்ட் போனால் தான் எங்கே நின்றோம் என்பதே மெஷினுக்கு மறந்துபோகும், மறுபடி இடம் பிடித்துத் தரவேண்டும் என்பது தனிக் கதை.

பிறகு பலகையைத் திருப்பிப் போட்டு அடிப்புறம். முன்பக்கமும் பின்பக்கமும் ஒன்றுக்கொன்று நேராக உட்கார இரண்டு முளைக்குச்சி அடித்து வைத்திருப்போம். அது கொஞ்சம் ஆடினாலும் விளிம்பு ஒரு பக்கம் தடிப்பாகவும் மறுபக்கம் சன்னமாகவும் வந்துவிடும்.

எங்கள் மெஷினில் பிட் மேலிருந்து கீழேதான் இறங்கும். வாய் குறுகி வயிறு அகன்ற பாத்திரம் வேண்டுமென்றால் மரத்தைச் சுழலவிட்டுக் கடையும் நல்ல கடைசல்காரரிடம் போவதுதான் சரி, அதை நாங்களே சொல்லி அனுப்புகிறோம். கடைசலில் வராதது எங்களிடம் வரும்: பூவரச இலை வடிவம், சங்கு, ஆமை, திருக்கை மீன். கீழக்கரையில் நோன்பு திறக்கப் பேரீச்சம்பழம் வைக்க வாங்குகிறவர்கள் இலை வடிவத்தைத்தான் அதிகம் கேட்கிறார்கள். ஆழம் இரண்டு அங்குலத்துக்கு மேல் வேண்டாம். அதற்கு நீளமான பிட் போடவேண்டும், நீளம் கூடினால் பிட் அதிரும், அந்த அதிர்வு மரத்தில் அப்படியே பதியும்.

மெஷினிலிருந்து எடுத்த மரவை அப்படியே கடைக்கு வராது. வட்டமான எதிலும் இரண்டு இடத்தில் பிட் மரத்தின் ரேகைக்கு எதிராக ஓடியே தீரும், அங்கே சிலும்பு எழும்பும். அதைக் கம்ப்யூட்டர் கண்டுகொள்ளாது. கையால் தடவிப் பார்த்து, 120-ம் நம்பர் உப்புத்தாளில் தொடங்கி 320 வரை தேய்க்கிறோம். கையால் செய்ததா, மெஷினில் செய்ததா என்று கேட்பவர்களுக்கு எங்கள் பதில்: வடிவம் மெஷின், வழவழப்பு கை.

இதெல்லாம் சேர்ந்தாலும் சில நாள் வேலைதான். மீதி வாரங்கள் மரத்துக்கு.

அறுத்த மரம் காயும்போது எல்லாப் பக்கமும் ஒரே அளவில் சுருங்காது. மரத்தின் வயது வளையத்தை ஒட்டிய திசையில் சுருங்குவது, நடுவிலிருந்து வெளியே போகும் திசையைவிடக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. ஈரத்தோடு வட்டமாகச் செதுக்கினால் அது முட்டை வடிவத்தில் போய் நிற்கும். அதனால் முரட்டு வேலையைத் தடிமனாக முடித்து, நிழலில் அடுக்கி ஒரு மாதம் போல விட்டுவிடுகிறோம். கோணுகிறது கோணட்டும். ஈரமானியில் முள் அசையாமல் நின்ற பிறகுதான் மேலே சொன்ன உருண்டை முனை பிட்டில் கடைசி வெட்டு.

காய்ந்த மரமும் ஊருக்கு ஊர் மாறும். கடற்கரைக் காற்றில் ஈரப்பதம் 75 சதவீதம் என்றால் மரத்துக்குள் 14 சதவீதம் போல நீர் தங்கும். அதே மரவை துபாயில் ஏசி அறைக்குப் போனால் 8, 9 சதவீதத்துக்கு இறங்கும், அவசரமாகச் செய்ததாக இருந்தால் அங்கே வெடிக்கும். வெளிநாட்டுக்கு எடுத்துப் போவதாக இருந்தால் ஆர்டரிலேயே சொல்லுங்கள், இன்னும் காயவைத்துத் தருகிறோம்.

எங்கள் கைக்குப் பிடித்த மரம் பூவரசு. உப்புக் காற்றிலேயே வளர்ந்து, வைரம் (உள்ளே இருக்கும் கெட்டி மரம்) சிவந்த பழுப்பில் நிற்கும். ஹவாய்த் தீவுகளிலும் இதே மரத்தில் உணவுக் கிண்ணம் குடைந்திருக்கிறார்கள். அடுத்தது சீமைக்கருவேல். கரிமூட்டத்துக்குப் போகிற மரத்துக்கு இந்த விலையா என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. சுருக்கம் குறைவு, கெட்டி, தேய்த்தால் நல்ல பளபளப்பு. ஆனால் நேரான பலகை கிடைப்பது அரிது, வெளிறு (வைரத்தைச் சுற்றிய வெளிமரம்) உளுத்துப்போகும் என்பதால் அதைக் கழித்துவிட்டு வைரத்தை மட்டும்தான் எடுக்கிறோம். விலை அங்கேதான் ஏறுகிறது. இராமநாதபுரம் என்றதும் பனையில் கேட்கிறார்கள். பனையில் கறுத்த நார் இரும்பாகவும் நடுச்சோறு பஞ்சாகவும் இருக்கும், பிட் இரண்டையும் பிய்த்து எறியும். பனையில் செய்வதில்லை.

தேன்மெழுகு பூசியது உலர்ந்த பண்டத்துக்கு. கழுவியதும் துடைத்துவிடுங்கள், ஊறப்போட வேண்டாம். வார்னிஷ் அடித்தது அலங்காரத்துக்கு மட்டும். அதில் சூடான குழம்பு ஊற்றாதீர்கள்.

ஐப்பசி மழை பிடித்தால் மரம் காய்வது இன்னும் இழுக்கும். தீபாவளிக்கு வேண்டுமென்பவர்கள் ஆடி முடிவதற்குள் வடிவம், அளவு, எண்ணிக்கை மூன்றையும் சொல்லி, பாதிப் பணம் கட்டிவிடுங்கள். வளைகாப்பு, கல்யாணம் என்றால் தேதிக்கு ஆறு வாரம் முன்பே.

இப்படிக்கு,
பட்டறையார், மண்டபம்