வோங்கையும் காஸாரையும் ஒரே டெக்கில் வைக்காதே

அன்புள்ள கண்ணா,

நீ அனுப்பிய டெக் (ஆட்டத்துக்கு எடுத்துப்போகும் கார்டுக் கட்டு) படத்தைப் பெரிதாக்கி, ஒவ்வொரு கார்டாகப் பார்த்தேன். மார்வெல் ஸ்னாப் கார்டு ஆட்டத்தில் அறுபதாவது ரேங்கைத் தாண்டவே முடியவில்லை, நல்ல கார்டு கிடைக்காததுதான் காரணம் என்று எழுதியிருக்கிறாய். போனில் சொன்னால் "சரிம்மா, சரிம்மா" என்று வைத்துவிடுவாய். அதனால் எழுதுகிறேன், நிதானமாகப் படி.

உன்னிடம் கார்டுக்குக் குறைவே இல்லை. உன் டெக்கில் இரண்டு டெக் இருக்கிறது, அதுதான் பிரச்சினை. வோங், பிளாக் பாந்தர், ஓடின் மூன்றும் ஒரு கூட்டணி: பாந்தர் இறங்கும்போது தன் பவரை இரட்டிப்பாக்கும், வோங் அதை இரண்டு முறை நடக்கவைக்கும், ஓடின் மறுபடியும் நடக்கவைக்கும். சின்னக் கார்டுகளின் பவரை ஏற்றும் காஸார், புளூ மார்வெல், கூடவே ஸ்குவிரல் கேர்ள், ஹாக்ஐ, ஆன்ட்மேன், எலெக்ட்ரா என்று ஒரு எனர்ஜி கார்டுகள் (இறக்க ஒரே ஒரு எனர்ஜி செலவாகிறவை) நாலு, இது இன்னொரு கூட்டணி. மீதியில் காஸ்மோ, ஷாங்-சி, கில்மாங்கர். இந்தக் கில்மாங்கரை ஏன்டா வைத்தாய்? அது இறங்கினால் ஆட்டத்தில் இருக்கிற ஒரு எனர்ஜி கார்டு அத்தனையையும் அழித்துவிடும். உன்னுடையது, எதிராளியுடையது என்று பார்க்காது. காஸாருக்காக நீ மூன்று டர்ன் பாடுபட்டு அடுக்கியதை உன் கையாலேயே துடைத்துவிடுகிறாய்.

ஹார்த்ஸ்டோன் என்ற இன்னொரு கார்டு ஆட்டத்தில் 30 கார்டு, ஒரே கார்டில் இரண்டு வைக்கலாம். அங்கே இயக்குநராக இருந்த பென் பிரோட் வெளியே வந்து, செகண்ட் டின்னர் நிறுவனத்தில் செய்த ஆட்டம்தான் 2022 அக்டோபரில் வந்த மார்வெல் ஸ்னாப். இங்கே மொத்தமே 12 கார்டு, ஒவ்வொன்றிலும் ஒன்றுதான். ஆரம்பத்தில் கையில் மூன்று, அப்புறம் டர்னுக்கு ஒன்று. ஆறு டர்ன் முடியும்போது 12ல் 9 கார்டைப் பார்த்திருப்பாய். எந்த ஒரு கார்டும் உன் கைக்கு வர 75 சதவீத வாய்ப்பு. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் மூன்று கார்டும் சேர்ந்து, அதுவும் வரிசையாக வர வேண்டும் என்றால் கதை வேறு.

உன் வோங் திட்டத்தையே எடுத்துக்கொள். நாலாவது டர்னில் வோங், ஐந்தாவதில் பிளாக் பாந்தர், ஆறாவதில் ஓடின். நாலாவது டர்னில் நீ பார்த்திருப்பது 7 கார்டு, ஐந்தாவதில் 8, ஆறாவதில் 9. மூன்றும் அந்தந்த நேரத்துக்குள் வர வாய்ப்பு எவ்வளவு என்று பேப்பரில் போட்டுப் பார்த்தேன். 7/12, 7/11, 7/10 மூன்றையும் பெருக்கினால் 26 சதவீதம். நூறு ஆட்டத்தில் 74 ஆட்டம் உன் திட்டம் நடக்காது. நடக்கிற ஆட்டத்தில் பாந்தரின் பவர் வோங்கால் நாலு மடங்காகி, ஓடின் வந்ததும் அதற்கு மேல் 16 மடங்காகும். பார்க்க ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் அது ஒரே ஒரு லொகேஷன் கண்ணா. ஜெயிக்க மூன்று லொகேஷனில் இரண்டில் உன் பவர் அதிகமாக இருக்க வேண்டும். ஒரு இடத்தில் நூற்றுக்கணக்கில் குவித்துவிட்டு மற்ற இரண்டையும் கோட்டைவிட்டால் தோல்விதான். நீ தோற்ற ஆட்டங்கள் எப்படி முடிந்தன என்று யோசித்துப் பார், பாதி இப்படித்தான் இருக்கும்.

வோங் டெக்கே கூடாது என்று சொல்லவில்லை. அதை வைத்தால் அதற்காகவே 12 இடத்தையும் செலவழிக்க வேண்டும். உன்னிடம் இருக்கிற கார்டுக்குக் காஸார் டெக்தான் சரி. வோங், பாந்தர், ஓடின், கில்மாங்கர் நாலையும் எடு. நைட்கிராலர், ஐஸ்மேன், நோவா மூன்றையும் போடு. நாலாவதாக ஆர்மர். இப்போது ஒரு எனர்ஜி கார்டு ஏழு இருக்கும், எது முதலில் வந்தாலும் ஆட்டத்தைத் தொடங்கலாம். காஸார், புளூ மார்வெல் இரண்டில் ஒன்றாவது ஆறு டர்னுக்குள் வர 95 சதவீத வாய்ப்பு. 26 எங்கே, 95 எங்கே? ஒன்று வராவிட்டால் இன்னொன்று அதே வேலையைச் செய்யும். டெக் கட்டும்போது நான் முதலில் பார்ப்பது இதைத்தான்: இந்தக் கார்டு வராவிட்டால் இதன் வேலையை யார் செய்வார்கள்?

ஸ்குவிரல் கேர்ளைச் சின்னக் கார்டு என்று ஒதுக்கிவிடாதே. போன வாரம் ஒரு ஆட்டம். முதல் டர்னில் அவளை இடதுபக்கம் வைத்தேன். நடுவிலும் வலதுபக்கமும் ஒவ்வொரு அணில் போய் உட்கார்ந்தது. மூன்றாவது டர்னில் வலதுபக்க லொகேஷன் திறந்தது, சாங்டம் சாங்டோரம். அங்கே யாரும் கார்டு இறக்க முடியாது. எதிராளிக்கு அங்கே ஒன்றுமே இல்லை, எனக்கு ஒரு பவரில் ஒரு அணில். அந்த இடம் அப்போதே என்னுடையது மாதிரிதான். மிச்சமிருந்த இரண்டில் ஒன்றைப் பிடித்தால் போதும். நாலாவது டர்னில் காஸாரை இடதுபக்கம் இறக்கிய கையோடு ஸ்னாப் அடித்தேன், அதாவது பந்தயத்தை இரட்டிப்பாக்கினேன். எதிராளி ஆட்டத்தை விட்டு விலகவில்லை. ஐந்தாவதில் புளூ மார்வெல். கடைசியில் நடு லொகேஷனை அவர் பெரிய கார்டாகப் போட்டு எடுத்துக்கொண்டார், இடதும் வலதும் எனக்கு. நாலு க்யூப் (ரேங்கை ஏற்றும் பந்தயப் புள்ளி) கிடைத்தது.

ஆர்மர் எதற்கு என்று கேட்பாய். நீ கில்மாங்கர் வைத்த மாதிரி எதிராளியும் வைத்திருப்பாரே. ஆர்மர் இருக்கிற லொகேஷனில் எந்தக் கார்டையும் அழிக்க முடியாது. அதனால் நெருக்கமாக அடுக்கிய இடத்தில் அதை வை. ஒரு லொகேஷனில் உனக்கு நாலு இடம்தான், ஆர்மருக்கு ஒன்றை முதலிலேயே விட்டுவை. நோவா அழிந்தால் உன் மற்ற கார்டுகளுக்குப் பவர் ஏறும் என்பதால் அதை ஆர்மர் இல்லாத பக்கம் இறக்கு.

அடுத்தது ரிட்ரீட், அதாவது ஆட்டத்தை விட்டுப் பாதியில் விலகுவது. உனக்கு இது பிடிக்காது, தெரியும். ஆட்டம் ஒரு க்யூபில் தொடங்குகிறது. ஒருவர் ஸ்னாப் அடித்தால் இரட்டிப்பு, கடைசி டர்னில் தானாகவே இன்னொரு இரட்டிப்பு, இருவரும் அடித்தால் எட்டு. எதிராளி ஸ்னாப் அடித்த டர்னிலேயே நீ விலகினால் பழைய பந்தயம்தான் போகும், ஏறியது போகாது. இதைச் செய்தவர்கள் யோசித்துத்தான் இந்த வழியை வைத்திருக்கிறார்கள். உன் தாத்தா ரம்மியில் கை சரியில்லை என்றால் ஒரு சுற்றுகூடக் காத்திருக்காமல் ஸ்கூட் சொல்லிக் கீழே வைத்துவிடுவார், அந்த மாதிரிதான் இதுவும். யாரும் அவரைப் பயந்தவர் என்று சொன்னதில்லை. நீ நாலாவது டர்னிலேயே தோற்றது தெரிந்தும் "பார்க்கலாம்" என்று கடைசிவரை உட்கார்ந்திருக்கிறாய். ஒரு க்யூபில் முடிய வேண்டியது நாலு, எட்டு என்று போகிறது. பத்து ஆட்டத்தில் ஆறு ஜெயித்தும் ரேங்க் ஏறவில்லை என்று எழுதியிருந்தாயே, காரணம் இதுதான். ஜெயித்தால் இரண்டு வாங்குகிறாய், தோற்றால் எட்டு கொடுக்கிறாய்.

காசு விஷயம் சுருக்கமாக. கார்டை அப்கிரேட் செய்தால் அதன் ஓவியம்தான் மாறும், பவர் ஏறாது. அப்கிரேட் செய்யச் செய்ய கலெக்‌ஷன் லெவல் உயரும், அந்த வழியில் புதுக் கார்டும் வரும். அதனால் ஆட்டத்தில் கிடைக்கிற கிரெடிட்டை வீணாக்காமல் தினமும் கொஞ்சம் கொஞ்சமாக அப்கிரேட் செய்தாலே போதும். ஏதோ ஒரு புதுக் கார்டுக்காகச் சம்பளத்தில் கைவைக்காதே. அது வந்தாலும் இப்போதைய டெக்கில் நுழைந்தால் மூன்றாவது கூட்டணிதான் உருவாகும்.

இன்னொன்று, கார்டுகளின் எண்களை அவ்வப்போது மாற்றிவிடுகிறார்கள். யாரோ போட்ட பழைய டெக்கை அப்படியே அடுக்குவதற்கு முன் ஒவ்வொரு கார்டிலும் இன்றைக்கு என்ன எழுதியிருக்கிறது என்று படி.

டெக்கை மாற்றியதும் படம் அனுப்பு. எலெக்ட்ராவை வைத்துக்கொள்ளலாமா என்பதில் மட்டும் எனக்கு இன்னும் சந்தேகம் இருக்கிறது. நீ ஆடிப் பார்த்துவிட்டுச் சொல், ஞாயிற்றுக்கிழமை போனில் பேசுவோம். ராத்திரி ஆடினால் சாப்பிட்டுவிட்டு ஆடு.

அன்புடன்,
அம்மா