குளிருக்கு ஒரு ஹீட்டர்

ரிங்லெட், கேமரன் மலை,
ஞாயிறு இரவு

அன்புள்ள சாந்தி,

உன் கடிதம் வந்தது. அப்பாவை அழைத்துக்கொண்டு தானா ராத்தாவுக்கே குடிவரப் போகிறாய் என்று படித்ததும் அம்மாவிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். "கிள்ளான் வெயிலில் இருந்த மனுஷனுக்கு இந்தக் குளிர் தாங்குமா?" என்றார். நீயும் அதைத்தானே கேட்டு, எந்த ஹீட்டர் வாங்கலாம் என்று எழுதியிருக்கிறாய்!

ரிங்லெட்டைவிட நீங்கள் வரப்போகும் தானா ராத்தா இன்னும் மேலே. ராத்திரி 15, 16 டிகிரிக்கு இறங்கிவிடும். மழை பிடித்தால் மெத்தைகூட ஈரமாக இருப்பதுபோல் தோன்றும். 30 வருடம் கொழுந்து பறித்த அம்மாவுக்கே இப்போது முட்டி விறைத்துப்போகிறது.

போன வருடம் முதலில் காற்றாடி வைத்த சின்ன ஹீட்டர்தான் வாங்கினேன். சீக்கிரம் சூடாகும், உண்மைதான். ஆனால் ராத்திரி முழுக்க இரைச்சல், அம்மாவுக்குத் தொண்டை வறட்சி. நிறுத்திய பத்து நிமிடத்தில் அறை பழையபடி குளிர்ந்துவிடும். அப்புறம்தான் எண்ணெய் ஹீட்டருக்கு மாறினேன். இரும்புத் தகடுகள் வரிசையாக நிற்குமே, சக்கரம் வைத்து, அதுதான். உள்ளே இருக்கும் எண்ணெய் எரிவதுமில்லை, குறைவதுமில்லை. சூடாகி அந்தத் தகடுகளுக்குள் சுற்றிவரும், அவ்வளவுதான். அறை சூடாக அரை மணி நேரம் ஆகும். ஆனால் நிறுத்திய பிறகும் இரும்பு வெகுநேரம் கதகதப்பாக இருக்கும். சத்தமே இல்லை. வயதானவர் தூங்கும் அறைக்கு இதுதான் சரி, சாந்தி.

அப்பாவின் அறை 12க்கு 12 அடி என்று எழுதியிருந்தாய். ஒரு சதுர அடிக்கு 10 வாட் என்று குளிர் நாட்டில் கணக்குப் போடுவார்கள். 144 சதுர அடிக்கு 1500 வாட் தாராளம். பெரும்பாலும் ஏழு தகடு வைத்தது அந்த அளவில் இருக்கும். கடைக்காரர் பதினொரு தகடு பெட்டியைக் காட்டுவார், மயங்காதே. சீலிங் இல்லாத தகரக் கூரை என்றால் மட்டும் ஒன்பது தகடு எடு, சூடெல்லாம் மேலே போய்விடும். முழு வேகத்தில் ஒரு மணி நேரம் ஓடினால் ஒன்றரை யூனிட். வெப்பத்தைப் பார்த்துத் தானாக நின்று ஓடும் தெர்மோஸ்டாட் இருந்தால் பில் அவ்வளவு ஏறாது. சாய்ந்தால் தானே நின்றுவிடும் வசதியும், மலேசியத் தரச் சான்றான சிரிம் முத்திரையும் இருக்கிறதா என்று பார்.

நேராகச் சுவர்ச் சுவிட்சில்தான் மாட்ட வேண்டும். நீட்டு வயரில் மாட்டினால் வயர் சூடேறி உருகிவிடலாம். ஜன்னலுக்குக் கீழே வைப்பது நல்லது, அங்கிருந்துதான் குளிர் இறங்குகிறது. ஆனால் திரைச்சீலை தொடக் கூடாது. மழைநாளில் அதன்மேல் துண்டைக் காயப்போட மனம் துடிக்கும், போட்டுவிடாதே. இன்னொன்று, அப்பா பழைய பழக்கத்தில் கரித்தணல் கேட்டால் கொடுக்கவே கொடுக்காதே. மூடிய அறையில் அந்தப் புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு மணமே கிடையாது. தூக்கத்திலேயே ஆளைக் கொன்றுவிடும்.

வாங்குவதற்கு முன் ஒரு ராத்திரி எங்கள் வீட்டில் தங்கிப் போங்கள். அப்பா ஹீட்டர் வைத்த அறையில் படுத்துப் பார்க்கட்டும். வரும்போது கிள்ளான் தெங்கு கிளானா சாலையில் வெற்றிலை வாங்கி வரவேண்டுமாம், அம்மாவின் உத்தரவு.

அன்புடன்,
மல்லிகா