அருவி என்று எழுதும் முன் அணைக்கட்டைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மழைக்காலம் வந்தால் கடலூர், புதுச்சேரியைச் சுற்றிப் பார்க்க வேண்டிய அருவிகள் என்று பட்டியல் போடுவது வழக்கமாகிவிட்டது. இந்தக் கடலோரத்தில் அருவி என்று ஒன்றும் கிடையாது. தென்பெண்ணை, கெடிலம், சங்கராபரணி ஆகிய மூன்று ஆறுகளும் சமவெளி மணலில் ஊர்ந்துதான் கடலைச் சேர்கின்றன. தண்ணீர் குதித்து விழுவதற்கான பாறைச் சரிவு இங்கே இல்லை. அருவி என்று படம் போடப்படுபவை பெரும்பாலும் ஆற்றின் குறுக்கே தாழ்வான சுவராகக் கட்டிய அணைக்கட்டுகளே. விழுப்புரம் பக்கம் எல்லீஸ் சத்திரம், வில்லியனூர் பக்கம் பிள்ளையார்குப்பம் படுகை அணை ஆகியவற்றில் தண்ணீர் வழியத் தொடங்கினால் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் குழந்தைகளோடு இறங்கிவிடுகிறது. இதைத்தான் முதலில் சொல்ல வேண்டும் என்று நினைக்கிறோம்.

அணைக்கட்டைத் தாண்டி விழும் நீர் நேரே முன்னால் ஓடிவிடுவதில்லை. சுவரின் அடியில் உருண்டு, மேலே உள்ள நீரை மறுபடி சுவரை நோக்கியே இழுக்கும். அதில் சிக்கியவர் எழும்பி வந்தாலும் திரும்ப விழுநீருக்கு அடியில் தள்ளப்படுவார். நுரை கலந்த நீர் உடம்பைத் தாங்குவதும் குறைவு. நீச்சல் நன்றாகத் தெரிந்தவர்களும் கரையேற முடியாமல் போவதற்குக் காரணம் இதுதான். இடுப்பளவு தண்ணீர்தானே என்ற கணக்கும் பொய்த்துவிடும். விழுநீர் அரித்த பள்ளமும், அதற்கு அப்பால் மணல் அள்ளிய குழியும் கலங்கல் நீரில் கண்ணுக்குத் தெரியாது. யாராவது சிக்கினால் அடுத்தவர் குதிக்கக் கூடாது. கரையில் நின்றபடி கயிறோ, ஒன்றோடொன்று முடிந்த புடவைகளோ, இறுக மூடிய காலி கேனோ எறிய வேண்டும்.

நம் தலைக்கு மேல் வானம் வெளுத்திருப்பதும் ஆற்றுக்கு அத்தாட்சி ஆகாது. சாத்தனூர் அணை திறந்தால் தென்பெண்ணையும், வீடூர் அணை திறந்தால் சங்கராபரணியும் நல்ல வெயிலிலும் ஏறும். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையின்போது சாத்தனூரிலிருந்து வந்த நீர் கடலூர் வரை ஊர்களுக்குள் புகுந்ததை மறந்திருக்க மாட்டோம். அணை திறப்பு அறிவிப்பு வந்த நாளில் ஆற்றங்கரைப் பயணத்தை ஒத்திவைப்பதே சரி.

உண்மையான அருவிதான் வேண்டும் என்றால் கள்ளக்குறிச்சி தாண்டி, கச்சிராயபாளையம் வழியாகக் கல்வராயன் மலை ஏற வேண்டும். போய்வர ஒரு முழு நாள் பிடிக்கும். பெரியார் அருவி சாலையோரமே இருப்பதால் குடும்பத்தோடு போக அதுவே ஏற்றது. மேகம் அருவிக்குக் காட்டு வழியில் நடந்து இறங்க வேண்டும் என்பதால் வழி தெரிந்த உள்ளூர்க்காரர் துணையின்றிப் போகக் கூடாது. மழை ஓய்ந்த பின் சில வாரங்கள் தண்ணீர் நன்றாக இருக்கும், கோடையில் வற்றிவிடும். நின்றுகொண்டிருக்கும்போது தெளிந்த நீர் தேநீர் நிறத்துக்கு மாறினாலோ, இலையும் சுள்ளியும் மிதந்து வந்தாலோ, இரைச்சல் கூடினாலோ மேலே மழை என்று பொருள். செருப்பையும் பையையும் தேடாமல் உடனே ஏறிவிட வேண்டும். வாகனம் நிற்கும் கரையிலேயே ஏறுவது முக்கியம். எதிர்க்கரையில் மாட்டிக்கொண்டால் வெள்ளம் வடியும் வரை அங்கேதான்.

அருவி இல்லாத குறையை நம் செம்மண் மேடுகள் ஈடுசெய்யும் என்பது எங்கள் கருத்து. புவியியலாளர்கள் நம் ஊரின் பெயரிலேயே கடலூர் மணற்கல் என்று அழைக்கும் படிவம்தான் கேப்பர் மலையிலும், நெய்வேலியிலும், திருவக்கரையிலும், பொம்மையார்பாளையத்துக்கும் ஆரோவில்லுக்கும் இடையிலான சிவந்த ஓடைகளிலும் வெளியே தெரிகிறது. அந்த ஓடைகளைப் படம் எடுக்கவே நிறைய இளைஞர்கள் வருகிறார்கள். பார்க்க வேண்டிய இடம்தான், ஆனால் எங்கே நிற்பது என்று தெரிந்திருக்க வேண்டும். மரம் அழிந்த மேட்டில் வடகிழக்குப் பருவமழை அறுத்த பள்ளங்கள் அவை. மேல் தோலை வேர்கள் பிடித்து வைத்திருக்கும், அதன் அடியில் மண் கரைந்து போயிருக்கும். விளிம்பு கெட்டியாகத் தோன்றினாலும் அடியில் வெற்றிடம் இருக்கலாம். மேலே நிற்பவர் விளிம்பிலிருந்து குறைந்தது இரண்டு ஆள் நீளம் தள்ளி நிற்க வேண்டும். கீழே நடப்பவர் சுவர் எவ்வளவு உயரமோ அவ்வளவு விலகி நடக்க வேண்டும். விரிசல் தெரிந்தால் அந்தப் பக்கமே போகக் கூடாது. நல்ல மழை பெய்த பின் மூன்று நாள் பொறுப்பது நல்லது. சுவரில் பெயர் செதுக்குவதும் ஏறிச் சறுக்குவதும் அரிப்பை விரைவுபடுத்தும். 1968 முதல் ஆரோவில்லில் வரப்பு கட்டி, மரம் நட்டு அந்த மண்ணைக் காத்திருக்கிறார்கள். அந்த உழைப்பைக் காலால் கலைக்கக் கூடாது.

திருவக்கரை கல்மரப் பூங்கா நடைக்கு மிகவும் எளிது, ஏற்றமே இல்லை. சுமார் 2 கோடி ஆண்டுப் பழைய மரங்கள் கல்லாகிக் கிடக்கின்றன. வேரும் கிளையும் இல்லாததால், வெள்ளம் அடித்து வந்து மணலில் புதைத்தவை என்று அறிஞர்கள் கருதுகிறார்கள். சரளை மண் என்பதால் தடித்த அடியுள்ள செருப்பும், நிழல் குறைவு என்பதால் தொப்பியும் தேவை. ஒரு துண்டுக் கல்லையும் எடுக்கக் கூடாது, அது பாதுகாக்கப்பட்ட இடம். பௌர்ணமியன்று வக்கிரகாளி கோயிலுக்குப் பெருங்கூட்டம் வரும் என்பதால் அந்த நாளைத் தவிர்த்தால் பேருந்தில் இடம் கிடைக்கும்.

கடலூர்க்காரர்களுக்கு இன்னும் பக்கத்தில் திருவந்திபுரம் ஔஷதகிரி உண்டு. 74 படிகள் ஏறினால் ஹயக்ரீவர் சந்நிதி, கீழே கெடிலமும் வயல்களும். செருப்பைக் கழற்றி ஏறுவதால் காலை 8 மணிக்குள் முடித்துவிட வேண்டும், பிறகு கல் சுடும். முகூர்த்த நாளில் கல்யாண வண்டிகளே சாலையை அடைத்துவிடும், காலண்டரைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். பறவை பார்ப்பவர்களுக்கு ஊசுடு ஏரி, அதுவும் நவம்பர் முதல் பிப்ரவரி வரை. கரையில் நின்று மேற்கே நோக்கும்போது காலை வெயில் முதுகில் விழும். மாலையில் கண் கூசி எல்லாப் பறவையும் கருப்பாகவே தெரியும்.

உயரத்திலிருந்து ஊர் பார்க்க செஞ்சிக் கோட்டைக்கு இணை இல்லை. 2025 ஜூலையில் மராத்தியர் கோட்டைகளின் தொகுப்பில் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. கோட்டைக் குன்றுகளில் உயர்ந்ததான ராஜகிரி ஏறக்குறைய 800 அடி. பழகாதவர்கள் ஏற ஒன்றரை மணி நேரம் ஒதுக்க வேண்டும். பிற்பகலில் மேலே விடுவதை நிறுத்திவிடுவார்கள். புதுச்சேரியிலிருந்து காலை 6 மணிக்கே கிளம்பி, கோட்டை திறந்ததும் ஏறுவதுதான் சரி. 11 மணிக்கு ஏறத் தொடங்குபவர்கள்தான் பாதியில் மயங்கி உட்காருகிறார்கள். ஆளுக்கு 2 லிட்டர் தண்ணீர் வேண்டும். அதில் பாதி தீர்ந்த இடமே திரும்ப வேண்டிய இடம், உச்சி எவ்வளவு அருகில் தெரிந்தாலும் சரி. கையில் பாலித்தீன் பை இருந்தால் குரங்கு பிடுங்கும், ஜிப் போட்ட தோள்பை பாதுகாப்பு. வழுக்கி விழுவது பெரும்பாலும் இறங்கும்போதுதான். படிகள் உயரமும் ஒழுங்கின்மையும் கொண்டவை, முழங்கால் நடுங்கத் தொடங்கினால் பக்கவாட்டில் திரும்பி ஒவ்வொரு படியாக இறங்க வேண்டும். முழங்கால் வலி உள்ளவர்களுக்கு அதே கோட்டையின் சிறிய குன்றான கிருஷ்ணகிரியே போதும், அங்கிருந்தும் காட்சி அருமை.

தங்கள் நாளிதழில் சுற்றுலா இடங்களை எழுதும்போது படத்தோடு நான்கு விவரங்களைக் கட்டாயம் சேர்க்க வேண்டுகிறோம்: எந்த மாதங்களில் போகலாம், எத்தனை மணிக்குள் திரும்ப வேண்டும், குடிநீர் கிடைக்குமா, எங்கே இறங்கக் கூடாது. அணைக்கட்டுப் படத்துக்கு அருவி என்று தலைப்பு போடுவதையும் நிறுத்த வேண்டும். படுகை அணைகளிலும் செம்மண் ஓடைகளின் விளிம்பிலும் தமிழில் பெரிய எழுத்தில் எச்சரிக்கைப் பலகை வைக்குமாறு தமிழ்நாடு, புதுச்சேரி நிர்வாகங்களையும் தங்கள் வழியாகக் கேட்டுக்கொள்கிறோம். மழை தொடங்கும் முன், அக்டோபர் முதல் வாரத்துக்குள் வைத்தால்தான் பயன்.

இப்படிக்கு,
நடைப்பயண நண்பர்கள்,
மஞ்சக்குப்பம், கடலூர்.