தீர்ந்தால் மறுபடி அச்சடிப்போம் என்று சொல்லுங்கள்: போக்கிமான் அட்டை தரும் நிறுவனங்களுக்கு ஒரு திறந்த மடல்

தின்பண்டத்தோடு, போக்கிமான் என்ற ஜப்பானியக் கார்ட்டூன் உயிரினங்களின் படம் போட்ட விளையாட்டு அட்டைகளை இலவசமாகத் தரும் நிறுவனங்களின் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். 2025 ஆகஸ்டில் ஜப்பானில் நடந்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். மெக்டொனால்ட்ஸ் அங்கே சிறுவர்களுக்கான ஹேப்பி செட் சாப்பாட்டோடு ஆகஸ்ட் 9 முதல் 11 வரை மூன்று நாட்களுக்கு இரண்டு போக்கிமான் அட்டைகள் தருவதாக அறிவித்தது. ஒன்று பிகாச்சு, போக்கிமான்களில் எல்லோருக்கும் தெரிந்த அந்த மஞ்சள் உருவம். இன்னொன்று எது என்று உறையைப் பிரித்தால்தான் தெரியும். மூன்று நாள் சரக்கு பல கிளைகளில் முதல் நாளே காலி. அட்டைகள் உடனே இணையத்தில் மறுவிற்பனைக்கு வந்தன. தொடாத பர்கரும் உருளைக்கிழங்கு வறுவலும் பை பையாகத் தெருவோரம் கிடந்த படங்களை உலகமே பார்த்தது. நிறுவனம் மன்னிப்புக் கேட்டது. அதே மாதக் கடைசியில் வருவதாக இருந்த ஒன் பீஸ் என்ற இன்னொரு கார்ட்டூனின் அட்டைகளையும் நிறுத்தி வைத்தது.

அந்தப் படங்களைப் பார்த்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. சாப்பாடு வீணானது ஒரு வருத்தம். அதைவிட, எந்தக் குழந்தைக்காக அந்த அட்டை அச்சடிக்கப்பட்டதோ, அந்தக் குழந்தை வரிசையில் நின்று வெறுங்கையோடு வீடு திரும்பியிருக்குமே என்பதுதான் மனசை அறுத்தது.

நான் அந்தக் குழந்தையாக இருந்தவன். 2000-களில் எங்கள் ஊர்ப் பெட்டிக்கடையில் சிப்ஸ் பாக்கெட்டுக்குள் போக்கிமான் டாசோ வரும். வட்டமான சின்ன வில்லை. அட்டை இல்லைதான், ஆனால் வேலை அதேதான். பாக்கெட்டை வெளியிலிருந்து அமுக்கி அமுக்கிப் பார்ப்போம். “நொறுங்கிடும்டா, கீழ வை” என்று கடை அண்ணாச்சி அதட்டுவார். வாங்கிப் பிரித்ததும் உறைமேல் ஒட்டிய மசாலாவை நக்கிவிட்டு, சட்டையில் துடைத்து, யார் வந்திருக்கிறார் என்று பார்ப்பதில் ஒரு படபடப்பு. ஏற்கெனவே இருப்பது வந்தால் ஒன்றும் மோசமில்லை. மறுநாள் இடைவேளையில் இரண்டு பிட்ஜியைக் கொடுத்து ஒரு சார்மாண்டரை வாங்கிவிடலாம். சிப்ஸையும் ஒரு துண்டு விடாமல் தின்போம். அடுத்த வாரமும் கடையில் டாசோ இருக்கும் என்று தெரியும். அதனால் யாரும் அள்ளிக்கொண்டு ஓடவில்லை.

நான் சொல்ல வந்தது இந்த ஒன்றைத்தான். அடுத்த வாரமும் கிடைக்கும் என்ற நம்பிக்கை இருந்தால் அட்டை விளையாட்டுப் பொருளாக இருக்கும். மூன்றே நாள், தீர்ந்தால் தீர்ந்தது என்றால் அது சரக்காகிவிடும். அந்தத் தட்டுப்பாடு தானாக வந்ததில்லை, உங்கள் அறிவிப்பிலேயே அது இருக்கிறது.

இது புதுப் பிரச்சினையும் இல்லை. 1971-ல் ஜப்பானின் கால்பீ நிறுவனம் 20 யென்னுக்கு, காமென் ரைடர் என்ற டிவி நாயகன் பெயரில் ஸ்நாக்ஸ் விற்றது, ஒவ்வொன்றுக்கும் ஓர் அட்டை. பிள்ளைகள் அட்டையை எடுத்துக்கொண்டு தின்பண்டத்தைத் தூக்கிப்போட்டார்கள், அது நாடே பேசும் விவகாரமானது. 80-களில் லோட்டேயின் 30 யென் பிக்குரிமான் சாக்லேட்டிலும் அதே கதை. அதன் ஸ்டிக்கர்களில் சில மட்டும் அரிதாக வந்ததால் வந்த வெறியைப் பார்த்து, 1988-ல் அந்நாட்டு நியாய வர்த்தக ஆணையமே தலையிட்டது. 2021-ல் போக்கிமானின் 25-ஆம் ஆண்டுக்காக அமெரிக்க மெக்டொனால்ட்ஸ் ஹேப்பி மீலோடு நான்கு அட்டைகள் தந்தபோது, பெரியவர்கள் பெட்டி பெட்டியாக வாங்கிப் போனார்கள். ஐம்பது வருட அனுபவம் கண்முன் இருக்கிறது. இவ்வளவு கூட்டம் வரும் என்று எதிர்பார்க்கவில்லை என்று இனி யாரும் சொல்ல முடியாது.

“ஒருவருக்கு ஐந்து செட்” என்ற வரம்பு வைத்தோமே என்பீர்கள். ஒரு குழந்தைக்கு எதற்கு ஐந்து? அப்புறம், வரம்பைக் காக்கும் வேலை கவுன்ட்டரில் நிற்கும் பகுதிநேர ஊழியர் தலையில் விழுகிறது. மூன்றாவது முறை வரிசையில் வரும் ஆளை அடையாளம் கண்டு, சண்டை போட்டுத் திருப்பி அனுப்ப வேண்டியது அந்தப் பத்தொன்பது வயதுப் பெண்ணா?

நல்ல வழியும் ஜப்பானிலேயே இருக்கிறது. தாய்இச்சி பான் நிறுவனம் 1998-லிருந்து போக்கிமான் ரொட்டி விற்கிறது. ஒவ்வொரு ரொட்டிக்குள்ளும் ஒரு ஸ்டிக்கர். சாதாரண மளிகைக் கடையில், சாதாரண விலைக்கு, வருடம் முழுக்கக் கிடைக்கிறது. பள்ளிவிட்டு வரும் பிள்ளை ரொட்டியைத் தின்கிறது, ஸ்டிக்கரைச் சேர்த்துவைக்கிறது. கூட்டம் அலைமோதாவிட்டாலும் இத்தனை வருடங்களாக அது விற்கத்தான் செய்கிறது.

அதனால் கேட்கிறேன். அடுத்த அட்டையை அறிவிக்கும்போது, முதல் வரியிலேயே “தீர்ந்தால் மறுபடி அச்சடிப்போம்” என்று சொல்லுங்கள். அந்த ஒரு வரி போதும், முப்பது செட்டை அள்ள நினைப்பவர் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு வீட்டிலேயே இருந்துவிடுவார். நாளை அச்சாகப் போகும் அட்டைக்கு இன்று யார் பத்து மடங்கு கொடுப்பார்கள்? எல்லா அட்டையையும் ஒரே அளவில் கலந்து வையுங்கள். சாப்பாடு வேண்டாத சேகரிப்பாளர்களுக்கு அட்டையை மட்டும் தனியாக விலைக்குக் கொடுங்கள், அவர்கள் சந்தோஷமாகவே வாங்குவார்கள். நானும் வாங்குவேன்.

என் மகளுக்கு இப்போது எட்டு வயது. சேகரித்த அட்டைகளைப் பழைய பிஸ்கட் டப்பாவில் வைத்திருக்கிறாள். அதற்குள் என் டாசோக்களில் மிச்சமிருக்கும் நான்கும் கிடக்கின்றன. எதையும் அவள் விலை கேட்டதில்லை. இரட்டையாக இருப்பதை மட்டும் தனியே எடுத்து ரப்பர் பேண்ட் போட்டு வைத்திருக்கிறாள், பக்கத்து வீட்டுப் பையனோடு மாற்றிக்கொள்ள.

உங்கள் அடுத்த அறிவிப்புக்காகக் காத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு பழைய டாசோ சேகரிப்பாளன்